பாடப்புத்தகம் கொண்டுவரத் தேவையில்லை என்று எழுதியவர்களுக்கு

எங்கள் பகுதி மேல்நிலைப் பள்ளியின் முதல்வருக்கும், ஆங்கில ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்:

ஜனவரி இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், உங்கள் அலுவலக உதவியாளர் என் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு உருப்படிகள் கொண்டுவந்தார். ஒன்று ஒரு பக்கச் சுற்றறிக்கை, 45 பிரதி. மற்றது ஆங்கில நோட்ஸ், 14 பக்கம். அதுவும் 45 பிரதி, முன்னும் பின்னுமாக, மூலையில் பின் அடித்து. இயந்திரம் ஓடும்போது என் கண் தாளில் மேயும். பத்தொன்பது வருடத் தொழில் பழக்கம். சுற்றறிக்கையின் நான்காவது வரியில் கண் நின்றுவிட்டது. கீழ்க்கண்ட பட்டியலில் உள்ள மாணவர்கள் இனி ஆங்கில வகுப்புக்குப் பாடப்புத்தகம் கொண்டுவரத் தேவையில்லை, வழங்கப்படும் தொகுப்பை மட்டும் படித்தால் போதும் என்று அதில் இருந்தது. கீழே 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பிட்டு 45 பெயர்கள். பதினேழாவது பெயர் என் மகளுடையது.

பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசும் வாங்கிக்கொண்டேன். பில் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளியின் பெயரையோ உங்களில் யாருடைய பெயரையோ இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் பேச்சு பெயரைப் பற்றியதாகப் போய்விடும். புதுச்சேரி லாஸ்பேட்டைப் பக்கம் இருக்கும் பள்ளிகளில் எது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டு முறை நேரில் வந்து பேசப் பார்த்தேன். முதல் முறை முதல்வர் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை, "நீங்கள் பத்தாவதுதானே படித்திருக்கிறீர்கள், இதெல்லாம் தேர்வு நுணுக்கம்" என்று பதில் வந்தது. நான் பத்தாவது படித்தவன்தான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளை இந்த ஊரில் என்னளவு பிரதி எடுத்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆகையால் அந்த நுணுக்கத்தையே முதலில் பேசிவிடலாம்.

சி.பி.எஸ்.இ. என்ற மத்திய வாரியம் நடத்தும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில், ஆங்கில எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 20. எண்பதில், வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு 22, கடிதம் அறிவிப்பு முதலிய எழுத்துப் பயிற்சிக்கு 18, இலக்கியத்துக்கு 40. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. அதாவது இருபத்தேழு கிடைத்தால் கரையேறிவிடலாம். உங்கள் கணக்கு எனக்கு விளங்குகிறது: முதல் இரண்டு பகுதிகளில் எப்படியாவது இருபது தேற்றிவிடுவது, இலக்கியத்தில் மனப்பாடத்தால் ஏழெட்டு பொறுக்குவது. நாற்பது மதிப்பெண்ணுக்கான 'பிளமிங்கோ', 'விஸ்டாஸ்' என்ற இரண்டு பாடப்புத்தகங்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். 22 மதிப்பெண் வாசிப்புப் பகுதியில் வருவது, பிள்ளை அதுவரை கண்ணால் பார்க்காத பத்தி. ஆங்கிலத்தில் முழுதாக ஒரு பக்கம் படிக்க அவளிடம் இருந்த புத்தகங்களே அந்த இரண்டுதான். அவற்றைப் பிடுங்கிவிட்டு, புதிய பத்தியைத் தேர்வு அறையில் படித்துப் புரிந்துகொள் என்றால் எப்படி? நீச்சல் குளத்தை மூடிவிட்டுக் கடலுக்கு அனுப்புகிற வேலை அது.

இரண்டாவது ஓட்டை இலக்கியப் பகுதியிலேயே இருக்கிறது. அந்த நாற்பதைப் பிரித்துப் பாருங்கள். கவிதையிலிருந்து ஒரு பகுதியை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கேட்கும் கேள்விக்கு 6. 'விஸ்டாஸ்' புத்தகத்துப் பத்திக்கு 4. 'பிளமிங்கோ' உரைநடைப் பத்திக்கு 6. ஆக 16 மதிப்பெண்ணுக்கு உரிய வரிகள் தாளிலேயே கண்முன் கிடக்கின்றன. பாடத்தை ஒருமுறை உண்மையாகப் படித்த பிள்ளைக்கு அங்கே நினைவாற்றலே அதிகம் தேவையில்லை. அடுத்து நாற்பது ஐம்பது சொற்களில் எழுதும் குறுவினாக்களுக்கு 14. நெடுவினா புத்தகத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு, ஐந்தைந்தாக 10. உங்கள் 14 பக்கத் தொகுப்பில் இருப்பவை என்ன? பதினொரு நெடுவினாக்களும் அவற்றுக்கான விடைகளும். பத்து மதிப்பெண்ணுக்காகப் பதினொரு விடைகளை நெட்டுருப்போட வைத்துவிட்டு, முப்பது மதிப்பெண்ணுக்கான கதவை நீங்களே சாத்துகிறீர்கள். வினாக்களில் பாதியளவு மனப்பாடத்தைத் தாண்டிய திறனைச் சோதிப்பவை என்று வாரியமே சொல்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்தியப் பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன. கேள்வி கேட்கும் விதம் மாறிவிட்டது. நோட்ஸ் மட்டும் என் கடைக்குப் பழைய சட்டையிலேயே வருகிறது.

என் மகள் திருப்புதல் தேர்வில் வாங்கியது 24. இலக்கியத்தில் 5. விடைத்தாளைப் பார்த்தேன். பத்தியைக் கொடுத்துக் கேட்டிருந்த மூன்று இடங்களும் வெள்ளையாக இருந்தன. ஏன் தொடவில்லை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு, நீங்கள் நெடுவினாவை மட்டும் எழுதுங்கள் என்றார்கள்" என்றாள். நெடுவினாவில் அவள் மனப்பாடம் செய்தது வரவில்லை. வராத கேள்விக்கு வந்த விடையை எழுதிவைத்திருந்தாள், ஒன்றரைப் பக்கம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதற்குச் சுழியம். சரியான சுழியம்தான், திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சுற்றறிக்கை வந்த வாரத்திலிருந்து கடையை எட்டு மணிக்கே சாத்திவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாது. அவள் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பாள், எனக்குத் தமிழில் சொல்வாள். எனக்குப் புரியாவிட்டால் அவளுக்கும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படிக்க வேண்டும். இதுதான் எங்கள் பாடமுறை. மூன்று வாரம் கழித்து, வாரியம் இணையத்தில் வெளியிட்ட ஒரு மாதிரி வினாத்தாளில் அந்த 16 மதிப்பெண் பகுதியை மட்டும் எழுத வைத்தோம். திருத்தியது கடலூரில் தனிப்பயிற்சி நடத்தும் என் அக்கா. கேள்வித்தாளோடு மதிப்பீட்டுக் குறிப்பையும் வாரியமே கொடுத்திருக்கிறது, அதை வைத்துத் திருத்தினாள். தம்பி மகள் என்று தாட்சண்யம் பார்க்கிறவள் அல்ல அவள். 16-க்கு 10 போட்டாள்.

மெல்லக் கற்கிறாள் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் கற்றாளே.

இனி அந்தத் தொகுப்பைப் பற்றி. பிரதி எடுக்கும்போது படித்தேன், பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு மறுபடி படித்தேன். கல்கியின் கதையில் வரும் ராஜா நூறு புலிகளைக் கொன்றார் என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. கொல்லவில்லை ஐயா. தொண்ணூற்றொன்பதுதான். நூறாவது புலியால்தான் ஆபத்து என்று சோதிடர் சொல்லியிருந்தார். நூறாவது புலிக்கு ராஜாவின் குண்டு படவே இல்லை. அது மயங்கிக் கிடந்தது. ராஜா போன பிறகு வேட்டைக்காரர்களில் ஒருவர் சுட்டுத் தள்ளினார். நூறையும் தீர்த்துவிட்டோம் என்று ராஜா நினைத்துக்கொண்டதும், கடைசியில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மரப்புலியின் சிராய் கையில் ஏறிச் செத்ததும்தான் கதையே. நூறு என்று எழுதிய கையோடு கதை முடிந்துபோகிறது. கமலா தாஸின் கவிதைக்கு வந்தால், கொச்சி விமான நிலையத்தில் தாய் இறந்துவிடுகிறாள் என்று போட்டிருக்கிறது! காரில் பக்கத்தில் உறங்கும் அறுபத்தாறு வயது அம்மாவின் முகம் பிணம்போல் வெளுத்திருந்தது என்று மகள் பயப்படுகிறாள், அவ்வளவுதான். தாய் இறக்கவில்லை. மகள் சிரித்துச் சிரித்து விடைபெற்றுப் போகிறாள். பயத்தை மறைக்கும் சிரிப்பு. அசோகமித்திரனை ஜெமினி ஸ்டூடியோவின் கவிஞர் என்கிறது தொகுப்பு. அங்கே அவருக்கு வேலை, பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் ஒட்டிவைப்பது. கவிஞர்கள் வேறு ஆட்கள்.

இந்தப் பிழைகளை 45 பிரதி எடுத்தவன் நான். பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 630 ரூபாய், சுற்றறிக்கைக்கு 45. அந்தக் காசு தனியாகக் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கல்கி, அசோகமித்திரன், பாமா. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இந்த மூன்று தமிழ் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். கடலூரில் என் அக்காவிடம் படிக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கோ, கி. ராஜநாராயணனின் நாற்காலிக் கதை ஆங்கிலத்தில் பாடமாக இருக்கிறது. கி.ரா. தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் இந்தப் புதுச்சேரி. இங்குள்ள பிள்ளைக்கு ஆங்கில இலக்கியம் அந்நியம் என்று எந்த வாயால் சொல்வது?

பாமாவின் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். தொகுப்பில் அதற்கு ஆறு வரி: பாமா தலித் சமூகத்தில் பிறந்தார், தீண்டாமையைக் கண்டார், நன்றாகப் படித்து முன்னேறினார். ஆறு வரியிலும் பொய் இல்லை. ஆனால் பாடத்தில் நடப்பது இது. பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும் சிறுமி, பத்து நிமிட வழியை அரைமணி, ஒருமணி நேரம் நடக்கிறாள். தெருவில் அவள் ஊர்ப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தை அதில் கட்டிய சணலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார், பொட்டலத்தில் கை படாமல். பார்க்க அவளுக்குச் சிரிப்பாக வருகிறது. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் கை படக்கூடாது என்பதைச் சொல்கிறான்.

என் மகள் இதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தபோது, சணலில் தொங்கும் பொட்டலம் வந்த இடத்தில் அவளும் சிரித்தாள். அடுத்த பக்கம் அவள் இன்னும் படித்திருக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பாவுக்குக் கொட்டாங்கச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்த கடையை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அதை அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். புதுச்சேரிக்கு வந்து இத்தனை வருடத்தில் அதை என் மகளிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அன்று சொன்னேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மேசையில் ஒரு தாள் இருந்தது. அந்தப் பாடத்துக்கு நெடுவினா விடை, அவளே எழுதியது. காலம் தப்பியிருந்தது, ஒருமை பன்மை தப்பியிருந்தது. அக்கா திருத்தி ஐந்துக்கு மூன்று போட்டாள். உங்கள் ஆறு வரியை அட்சரம் பிசகாமல் எழுதினால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். ஒன்று, மனசு வந்தால் ஒன்றரை என்றாள்.

உங்கள் பட்டியலில் உள்ள 45 பேரில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு கொட்டாங்கச்சிக் கதை சொல்லப்படாமல் கிடக்கிறதோ. அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் இந்தப் பாடத்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அதே ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள பிரெஞ்சுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1870-71 போருக்குப் பின் அல்சாஸ் பகுதியைப் பிரஷ்யா பிடித்துக்கொள்ள, பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. நாற்பது வருடம் பணியாற்றிய பிரெஞ்சு ஆசிரியர் கடைசி வகுப்பு எடுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பின் பெஞ்சில் உட்காருகிறார்கள். டோடே எழுதிய இந்தக் கதையை இந்தியாவிலேயே மற்ற எந்த ஊர்ப் பிள்ளையையும்விடப் புதுச்சேரிப் பிள்ளை வேறு மாதிரி படிக்கும், படிக்க விட்டால். எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் குடும்பம், இருக்கிறது. பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்த வீடு. பிரெஞ்சு ஆட்சி இங்கே முடிந்த 1954 நவம்பர் 1 பற்றி எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, விடுமுறை நாள். என் மகள் கேட்டாள்: "அந்த வாத்தியார் கலங்கி நின்றது சரிப்பா. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து போனபோது எந்த வாத்தியார் கலங்கியிருப்பார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரோமன் ரோலண்டு நூலகத்துக்குப் போனோம். அல்சாஸில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் வகையைச் சேர்ந்த வட்டார மொழி என்று அங்கே ஒரு கலைக்களஞ்சியத்தில் படித்தோம். அப்படியானால் பறிபோனது யாருடைய மொழி, கலங்கியது யாருக்காக என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். இந்தக் கேள்வி கேட்கிற பெண்ணுக்கு, பெரியவர்கள் ஏன் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள் என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை வராது என்று உங்கள் பட்டியல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆசிரியர்களின் நிலையை நான் அறியாதவன் அல்ல. ஆங்கில ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போய் மாதங்களாகியும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. இருக்கிறவர் இரண்டு பேர் வேலையைச் சுமக்கிறார். இடையில் வாக்காளர் பட்டியல் வேலை வேறு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதும் உங்களுக்குத்தான். கடை மூடும் நேரத்தில் வந்து, கண் சிவக்க நின்று, வினாத்தாள் பிரதி எடுத்துப் போகும் ஆசிரியைக்கு நான் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சுமையை இறக்கிவைக்கத் தேர்ந்தெடுத்த இடம் என் பிள்ளையின் தலையாக இருப்பதை ஏற்க முடியாது.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதன் விளைவையும் சொல்கிறேன். பிப்ரவரி வந்தால் என் கடைக்குச் சில பையன்கள் வந்து, "அண்ணா, இதைச் சின்னதாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். மைக்ரோ ஜெராக்ஸ். எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், நான் போடுவதில்லை. இந்த ஆண்டு அந்த வேண்டுகோள் ஜனவரியிலேயே வந்தது. வந்தவர்கள் கையில் இருந்தது உங்கள் 14 பக்கம். திட்டி அனுப்பினேன். ஒரு பையன் போகும்போது திரும்பிப் பார்த்து, "நாங்கள்தான் புத்தகமே வேண்டாதவர்கள் ஆயிற்றே அண்ணா" என்றான். அவனைத் திட்டியதற்கு அன்று முழுக்க எனக்கு உறுத்தலாக இருந்தது.

நான் கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். 45 பேரும் தங்கள் இரண்டு புத்தகங்களோடு, மற்ற மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். பலகையில் இருக்கும் பட்டியலை நாளைக் காலை மணியடிக்கும் முன் கிழித்துவிடுங்கள். அதற்கு எந்தக் கோப்பும் தேவையில்லை.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருக்கிற ஆங்கிலப் பிரிவேளைகளில் வாரம் மூன்றையாவது, அச்சிட்ட பத்தியைப் படித்து விடை எழுதும் அந்த 16 மதிப்பெண்ணுக்கும் குறுவினாக்களுக்கும் ஒதுக்குங்கள். பாடத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வையுங்கள். புரிந்ததைத் தமிழில் சொன்னால் அதட்டாதீர்கள். தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

தொகுப்பில் உள்ள பிழைகளைத் திருத்தி, திருத்தியதை அதே 45 பேருக்கும் கொடுங்கள். குறைந்தது அந்தப் புலியின் எண்ணிக்கையையும் அந்தத் தாயின் உயிரையுமாவது.

திருப்புதல் தேர்வின் விடைத்தாள்களைப் பிள்ளைகளிடமே கொடுத்து, எந்த மதிப்பெண் எங்கே போனது என்று ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேசுங்கள். 45 பேருக்கு நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பூட்டியே கிடக்கும் பள்ளி நூலக அலமாரியைத் திறந்து, கல்கியையும் அசோகமித்திரனையும் பாமாவையும் தமிழிலேயே எடுத்துக் கையில் கொடுங்கள். இல்லாத நூலை வாங்க மேலாண்மைக் குழு தீர்மானம் போடட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக நான் கை தூக்குகிறேன். காலியாக இருக்கும் ஆசிரியர் இடத்தை நிரப்பக் கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் விடுங்கள்.

இழுப்பறையில் அந்தக் காசு, மொத்தம் 675 ரூபாய், தனியாக இருக்கிறது என்றேனே. வாரியத்தின் மாதிரி வினாத்தாள்களையும் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் 45 பேருக்கும் அந்தக் காசில் பிரதி எடுத்துத் தருகிறேன். போதாமல் போனால் தாளும் டோனரும் என் செலவு. எந்தெந்த ஆண்டுத் தாள் வேண்டும் என்று ஆங்கில ஆசிரியை ஒரு சீட்டில் குறித்து அனுப்பினால் போதும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கே கடையைத் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்,
பட்டியலில் பதினேழாவது பெயருக்குத் தகப்பன்.